செவிக்கும் ஒரு தர்மம் உண்டு

கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைப் படித்தவர்களுக்கு மணிமங்கலம் என்றதும் ஒரு போர்க்களம் நினைவுக்கு வரும். கதைக்கு வெளியிலும் அது மெய்தான். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை முறியடித்த இடங்களில் ஒன்றாக மணிமங்கலத்தின் பெயரைக் கூரம் செப்பேடு சொல்லுகிறது. ஏழாம் நூற்றாண்டில் வேற்று மொழி பேசிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர்கள் வாளோடு வந்தார்கள். இன்று வருகிறவர்கள் ஒரு தோள்பையும் ஒரு சாப்பாட்டு டப்பாவுமாக வருகிறார்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று சுற்றிலும் தொழிற்சாலைகள் எழும்பிய பிறகு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்த வட்டாரத்து ஊர்களில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகக் குடியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து, கறிகாய் வாங்கி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இதில் கறிகாய் வாங்குகிற நேரந்தான் அவர்கள் ஊராரோடு பேசியாக வேண்டிய நேரம்.

அப்படி ஒரு நேரத்தில் மணிமங்கலத்துக் காய்கறிக் கடை ஒன்றில் நான் நின்றிருந்தேன். கடைக்கார அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வந்த பையனுக்கு இருபது இருந்தால் அதிகம்.

"அக்கா, தக்காளி அரைக் கிலோ கோடு" என்றான்.

"என்னாது?"

"கோடு அக்கா, கோடு! தக்காளி!" என்றான், சற்று உரக்க.

அம்மாளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினையாயிற்று. "யாரைப் பாத்துடா குடுன்றே? உங்கம்மா வயசுடா எனக்கு! குடுங்கன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஒருவர், "இவனுங்களுக்கு ஏது மரியாதை?" என்று தீர்ப்பும் வழங்கினார். பையன் காசை வைத்துவிட்டுத் தக்காளியை எடுத்துக்கொண்டு போனான். எதற்காகத் திட்டு விழுந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த ஒரு வார்த்தையில் இரண்டு குற்றங்கள் இருந்தன. முதலாவது ஓசைக் குற்றம். ஹிந்தியில் 'எ', 'ஒ' என்ற குறில்களுக்குத் தனி இடம் கிடையாது. 'ஏ', 'ஓ' என்ற நெடில்கள்தாம் உண்டு. ஆகவே 'எட்டு' என்பது அவன் வாயில் 'ஏட்டு' ஆகிறது, 'கொடு' என்பது 'கோடு' ஆகிறது. நமக்கு ஹிந்தியின் நான்கு வகைக் ககரங்களும் ஒன்றாகத் தெரிவதுபோலத்தான் இதுவும். ழகரத்தை எடுத்துக்கொள்ளுங்களேன். பையன் 'வழி' கேட்டால் 'வலி' என்கிறான், நாம் சிரிக்கிறோம். அதே வட்டாரத்தில் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லும் நம்மவர் எத்தனை பேர்! அவர்களுக்கு யாரும் இலக்கணப் பரீட்சை வைப்பதில்லை. வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது மரியாதைக் குற்றம். அம்மாளின் மனம் புண்பட்டது இதில்தான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கு மரியாதை தெரியாதா? அவன் மொழியில் 'ஆப்', 'தும்', 'தூ' என்று முன்னிலைக்கு மூன்று படிகள் இருக்கின்றன. நம்முடைய பேச்சில் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டோடு சரி. தன் ஊரில் ஐம்பது வயது அம்மாளிடம் அவன் 'தூ' என்று பேசியிருந்தால் வீட்டில் அடி விழுந்திருக்கும். பின், இங்கே ஏன் 'கொடு' என்றான்?

அவன் தமிழைப் புத்தகத்தில் படிக்கவில்லை, காதால் பொறுக்கியிருக்கிறான். மேஸ்திரி 'எடு' என்றார். சூப்பர்வைசர் 'தூக்கு', 'போடு' என்றார். வீட்டுக்காரர் 'வாடகை கொடு' என்றார். பஸ்ஸில் 'தள்ளிப் போ' என்றார்கள். வந்த நாளிலிருந்து தன்னை நோக்கி 'கொடுங்க' என்று ஒருவரும் சொல்லிக் கேட்டறியாதவன், கொடுப்பதற்குத் தமிழ் 'கொடு' என்று தெரிந்துகொண்டான். நாம் அவனிடம் பேசிய தமிழை நம்மிடமே திருப்பிச் சொன்னான். அது நமக்குச் சுடுகிறது! 'உங்கம்மா வயசுடா' என்று அந்த அம்மாள் மரியாதையைக் கற்பித்த வாக்கியத்தில்கூட 'டா' இருந்ததை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

அதே ஊரில் ஒரு டீக்கடைக்காரரை எனக்குத் தெரியும். பெரியவர். கடைக்கு வருகிறவன் எந்த ஊரானாலும் "வாங்க தம்பி, உக்காருங்க" என்பது அவர் வழக்கம். அவர் கடையில் அந்தப் பையன்கள் "டீ கோடுங்க" என்கிறார்கள். ஓகாரம் அப்படியேதான் இருக்கிறது. 'ங்க' மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரும் வகுப்பு நடத்தவில்லை.

"பிழைக்க வந்த இடத்து மொழியைக் கற்றுக்கொள்வது வந்தவன் கடமையல்லவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு என்பது வாயும் காதும் சேர்ந்து சுமக்கிற பல்லக்கு. அவன் தன் தோளைக் கொடுத்துவிட்டான், தப்பும் தவறுமாகவாவது. நாம் கொடுத்தோமா என்பதல்லவா கேள்வி?

காதுக்கு அது பெரிய சுமையும் அல்ல. 2004-இல் அமெரிக்காவில் கிளார்க், காரெட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அயலார் உச்சரிப்பில் பேசிய ஆங்கிலத்தை அமெரிக்கர்களைக் கேட்கச் செய்து சோதித்தார்கள். தொடக்கத்தில் விளங்கிக்கொள்ளத் தாமதம் ஏற்பட்டது. ஆனால் ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே தாமதம் பெரிதும் குறைந்துவிட்டது. அயல் உச்சரிப்புக்குப் பழக மனிதக் காதுக்கு வருஷங்கள் வேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? இருங்காட்டுக்கோட்டைக்குப் போனால் போதும். 1996-இல் கொரியக் கார் கம்பெனி அங்கே வந்தது. பின்னாலேயே கொரிய அதிகாரிகளும் வந்தார்கள். கொரிய மொழியில் ஆங்கிலத்தின் 'எப்' ஓசை கிடையாது. காபியை அவர்கள் ஏறத்தாழ 'கோப்பி' என்பார்கள். 'காப்பி' குடிக்கிற நமக்கு அதில் வியப்பில்லை, வேண்டுமானால் உறவுகூடக் கொண்டாடலாம். ஆனால் அவர்கள் பேசும் ஆங்கிலம் முழுவதுமே புதுக் காதுக்குக் கரடுமுரடுதான். நம் பையன்கள் அதைச் சில வாரங்களில் புரிந்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். "சார் அப்படித்தான் சொல்லுவார், நாமதான் புரிஞ்சுக்கணும்" என்று புதிதாக வந்தவனுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவன் பிழையாகப் பேசினால் நம் காது மாணாக்கனாகிவிடுகிறது. மூட்டை தூக்குகிறவன் பிழையாகப் பேசினால் அதே காது வாத்தியாராகிவிடுகிறது!

இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கையானது. வேதனையானது என்றும் சொல்லலாம். 1992-இல் டொனால்ட் ரூபின் என்பவர் வெளியிட்டது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணியின் சொற்பொழிவை ஒலிநாடாவில் பதிவு செய்து கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சாராருக்குப் பேசுகிறவள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், மற்றொரு சாராருக்கு ஓர் ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார். குரல் ஒன்றேதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குரலில் இல்லாத அயல் உச்சரிப்பைக் கேட்டார்கள். பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே விளங்கியது. கண் முடிவு செய்துவிட்டதைக் காது கேட்டது. காய்கறிக் கடையில் தீர்ப்பு வழங்கிய மனிதரை நினைக்கும்போது, பையன் திருத்தமாகவே பேசியிருந்தாலும் அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தமிழனுக்கு இது தெரியாத துன்பமுமல்ல. 1968-இல் வந்த 'படோஸன்' ஹிந்திப் படத்தில் மெஹ்மூத் ஒரு தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்து நம் ஹிந்தியைக் கோமாளித்தனம் ஆக்கினார். நாமும் சளைக்கவில்லை, 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசும் சேட்டை எத்தனை தமிழ்ப் படங்களில், கதைகளில் உலவவிட்டுச் சிரித்திருக்கிறோம்! கணக்கு நேராகிவிட்டது என்று இதை விட்டுவிடலாம். ஆனால் சிரிப்போடு நிற்காத இடங்களும் உண்டு. 1983 ஜூலையில் இலங்கையில், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்கு தடுமாறியவர்களைத் தமிழர் என்று காடையர்கள் அடையாளம் கண்டார்கள் என்பதை அங்கிருந்து பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மெய்யெழுத்து ஒருவனுடைய உயிர். அதையும் ஒரு காய்கறிக் கடைச் சச்சரவையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம், நான் வைக்கவில்லை. அந்தக் கதையைக் கண்ணீரோடு கேட்கிற நம் காதும், அந்தப் பையனின் 'கோடு'வைக் கேட்டுச் சீறுகிற காதும் ஒன்றுதானா என்று மட்டும் கேட்கிறேன்.

தக்காளி விஷயத்தில் நஷ்டம் ஒரு திட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற பையன், 'எரிகிறது', 'குத்துகிறது', 'அடைக்கிறது' என்ற வார்த்தைகளை எந்த மேஸ்திரியிடம் கற்றிருப்பான்? அவனுக்குத் தெரிந்தது 'வலி' ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் அதையே சொல்லுவான். வரிசை நீண்டிருக்கிற நாளில் டாக்டர் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அதில் முதல் நிமிஷம் அவன் பேச்சுக்குக் காது பழகுவதற்கே போய்விடும். அவன் உடம்பில் என்ன கோளாறு என்று கேட்டறிய மிச்சம் இருப்பது அடுத்த நிமிஷந்தான். முதல் நிமிஷத்திலேயே, "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்று குரல் எழுந்துவிட்டால், சொல்ல வந்ததை அவன் மறுபடியும் தோள்பையில் போட்டுக்கொண்டு மணிமங்கலத்து அறைக்குத் திரும்பிப் போகிறான். ராத்திரி ஷிப்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது.