தௌலத் என்னும் பெயர்

கிருஷ்ணகிரி நகரில் தௌலதாபாத் என்றொரு பகுதி இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் தௌலத் பீ என்ற பெயரும் புதிதன்று. செல்வம் என்று பொருள் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அச்சொல்லின் வேர் அதற்கு மேலும் சொல்கிறது.

அரபியில் அந்த வேருக்குச் சுழலுதல், கைமாறுதல் என்பதே பொருள். கி.பி. 750-ல் ஆட்சிக்கு வந்த அப்பாஸியர்கள் தங்கள் ஆட்சியைத் 'தவ்லா' என்றது, எங்கள் முறை வந்துவிட்டது என்னும் கருத்தில்தான். பின்னர் அது அரசு என்றாகி, பார்ஸியிலும் உர்துவிலும் செல்வம் என்றும் ஆயிற்று. முஹம்மது பின் துக்ளக் தேவகிரிக்குத் தௌலதாபாத் எனப் பெயரிட்டு 1327-ல் தலைநகரை அங்கே மாற்றினார். சில ஆண்டுகளில் அது டில்லிக்கே திரும்பிற்று. நம் கிருஷ்ணகிரிக் கோட்டையும் திப்பு சுல்தான் வசமிருந்து 1792 உடன்படிக்கையால் கும்பெனியாரிடம் போயிற்று. பெயர் பொய்க்கவில்லை!

திருமறையில் ஆலஇம்ரான் 140-ஆம் வசனம் வெற்றி தோல்வியின் நாட்களை மக்களிடையே மாறி மாறி வரச் செய்வதாகக் கூறும்போது இவ்வேரையே ஆளுகிறது. அல்ஹஷ்ர் 7-ஆம் வசனமோ, பொருள் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிக் கொண்டிருக்கலாகாது என்கிறது. சுழல்வது அதன் இயல்பு. யாரிடையே சுழல்கிறது என்பதே கேள்வி.

சிப்காட் வந்த பின் ஓசூரைச் சுற்றிக் கேழ்வரகு விளைந்த மானாவாரி நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. தகப்பனார் மவுத்தான பின் சகோதரிகளை அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. "கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்றே" என்பார்கள். தகப்பனார் தம் வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கு ஆகாது. சொத்து கொஞ்சமோ அதிகமோ, பெண்களுக்கும் அதில் பாகமுண்டென்று அன்னிஸா 7-ஆம் வசனம் திட்டமாகக் கூறுகிறது. தன் பங்கின் மதிப்பை அறிந்து மனமுவந்து ஒருத்தி விட்டுக் கொடுத்தால் அது கூடும். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமே என்று அஞ்சி இடும் கையொப்பம் மனமுவந்ததாகுமா? அப்படி எழுதி வாங்கிய பத்திரம் தௌலத் பீக்களை அந்தச் சுழற்சியிலிருந்தே வெளியேற்றி விடுகிறது.

விவசாய நிலம் ஷரீஅத் சட்டத்தில் வராது என்று சொல்வோரும் உண்டு. 1937-ஆம் வருடச் சட்டம் அதை விலக்கியிருந்தது மெய்தான். சென்னை மாகாணத்தில் 1949-ல் வந்த திருத்தம் விவசாய நிலத்தையும் சேர்த்துவிட்டது. ஆகவே கடனையும் வஸிய்யத்தையும் தீர்த்து, தாயார் இருந்தால் அவருடைய எட்டிலொரு பங்கையும் கொடுத்தபின், மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்பதே ஓசூர் நிலத்துக்கும் கணக்கு.