பொழுது இருக்கிறதா?

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமை முதலாவது, வாய்மை இரண்டாவது. இவ்விரண்டும் ஓர் இரவில், ஒரு மாத்திரையின் பொருட்டு, என் முன் வந்து நின்றன. அந்நிகழ்ச்சியைக் கூறி, அதிலிருந்து எழுந்த வினாவை உங்கள் சிந்தனைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், சேலத்தில் வசிக்கும் என் தங்கைக்கு ஒரு நாள் காலையில் பிடரியில் இடி விழுந்தாற்போலத் தலைவலி கண்டது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தவர்கள், மூளையின் இரத்தக்குழாய் ஒன்று புடைத்து வெடித்து, மூளையைச் சூழ்ந்த உறைக்குள் இரத்தம் கசிந்துள்ளது என்றனர். அறுவை செய்து அவ்விடத்தை அடைத்தனர். அதன்பின் நிமோடிபின் என்னும் மாத்திரையை நான்கு மணிக்கு ஒரு முறை, இரண்டிரண்டாக, இருபத்தொரு நாள்கள் இரவும் பகலும் தவறாமல் கொடுக்கவேண்டும் என்று பணித்தனர்.

என் தங்கை பன்னிரண்டு வயது முதல் பொழுது சாய்ந்தபின் தண்ணீரும் அருந்தாதவள். எட்டாம் நாள் இரவு பத்து மணி. சன்னல் திரை மூடியிருந்தது. சற்றே தெளிவு பெற்றிருந்த அவளிடம் மாத்திரையை நீட்டினேன். "பொழுது இருக்கிறதா அக்கா?" என்று கேட்டாள். "இருக்கிறதம்மா" என்றேன். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்று வாய்மை பற்றிப் பாடம் நடத்தியவள் நான். அந்த ஒரு சொல் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் இதைத் தங்கையின் பேத்தியிடம் சொன்னேன். அவள் மருந்தியல் படிக்கும் பெண். "பாட்டி, இரவில் கொடுத்ததற்கு இவ்வளவு வருந்துகிறீர்களே! இத்தகைய மருந்துகள் உருவாக எத்தனை உயிர்கள் மாண்டன என்று எண்ணியதுண்டா?" என்றாள். அதுவரை எண்ணியதில்லை. அன்று முதல் அவளை ஆசிரியையாகக் கொண்டு, கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுகிறேன்.

மூளையின் ஒவ்வொரு நரம்பணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அச்சவ்வில் ஏரிக்கரையில் மதகுகள் இருப்பதுபோல நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலியவை மின்னேற்றம் கொண்ட அயனிகளாக இவ்வாயில்களின் வழியே சென்று வருவதே நரம்பின் செயல். மேட்டூர் அணையில் ஒருபுறம் நீர் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நரம்பணுவுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனி, உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு செறிந்தது. மதகு அளவாகத் திறந்தால் பாசனம். அடைக்க ஆளின்றித் திறந்தே கிடந்தால் வெள்ளம்.

தலையில் அடிபட்டாலோ இரத்தம் தடைப்பட்டாலோ நேர்வது இந்த வெள்ளமே. காயமுற்ற அணுக்கள் குளூட்டமேட் என்னும் பொருளை அளவின்றிக் கொட்டுகின்றன. அது அண்டை அணுக்களின் மதகுகளைத் திறந்துவிடுகிறது. கால்சியம் உட்புகுந்து, அணுவைத் தன்னைத்தானே செரிக்கச் செய்கிறது. எனவே அடிபட்ட கணத்தில் மடிவன சில. அடுத்த மணிகளிலும் நாள்களிலும் மடிவன பல. பின்னர் மடியவிருப்பவற்றைக் காக்கும் முயற்சிக்கே நரம்பணுக் காப்பு என்று பெயர். என் தங்கை விழுங்கிய மாத்திரை, கால்சிய மதகுகளுள் ஒரு வகையை அடைப்பது.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? நரம்பில் மின்னோட்டம் எழும் விதத்தை ஹாட்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் 1952இல் விளக்கியது கணவாயின் பருத்த நரம்பைக் கொண்டு. தனியொரு மதகில் ஓடும் மின்னோட்டத்தை நேஹர், சாக்மன் இருவரும் 1976இல் அளந்தது தவளையின் தசையில். குளூட்டமேட் மூளையணுவைக் கொல்லும் என்பதை 1969இல் ஓல்னி என்பவர் கண்டது எலிக்குஞ்சுகளில். அதன்பின் மண்டையில் அடிக்கப்பட்டும், இரத்தக்குழாய் அடைக்கப்பட்டும் ஆய்வுக்கூடங்களில் மாண்ட எலிகளுக்குக் கணக்கில்லை. ஐம்பொறியும் உடைய உயிர்கள் அவை, வலியறிவன, குட்டியை நாவால் நக்கி வளர்ப்பன.

வினா இதுதான்: அம்மாத்திரையை உண்பவர் அவ்வுயிர்க்கொலையில் பங்கு கொள்கிறாரா?

தீவினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல் என மூன்று வாயில்களையும் நம் ஆன்றோர் கூறியுள்ளனர். பிறர் கொன்றதைத் தின்பதில் பாவமில்லை என்ற பௌத்தர் வாதத்தை நீலகேசி மறுத்தது இந்த அடிப்படையில்தான். அதே நீலகேசி இன்று நம் வீட்டு வாயிலில் நின்று, "அங்காடி இறைச்சிக்கு ஒரு நியாயம், மருந்துக்கடை மாத்திரைக்கு ஒரு நியாயமா?" என்று வினவினால் என்ன விடை தருவோம்?

மூன்று விடைகள் எனக்குத் தோன்றின. முதலாவது, அவ்வுயிர்கள் என்றோ மாண்டுவிட்டன. நான் உண்ணாவிடினும் அவை மீளா என்பது. இது பாதி உண்மை. இறைச்சியை ஒருவர் வாங்கினால் நாளை மற்றோர் உயிர் கொல்லப்படும்; நெடுநாள் வழக்கிலுள்ள மருந்தை வாங்குவதால் அவ்வாறு நேரடியாக நேர்வதில்லை. எனினும், அதன் பயனை மகிழ்ந்து ஏற்று, வந்த வழியை வினவாதிருந்தால், அம்முறை தொடர நாமும் உடன்பட்டவராகிறோம்.

இரண்டாவது, இல்லறத்தார்க்கு வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சைதான் முற்றும் விலக்கு. சமைத்தலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்கவியலாது நேர்வது அவ்வாறன்று என்பது. இவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. உழவனின் கொழுமுனையில் புழு அகப்படுவது வேறு. எலியைக் கட்டிவைத்து மண்டையில் அடிப்பது வேறு. பின்னது தெரிந்தே செய்வது.

மூன்றாவது, சோதிக்காமல் மருந்து கொடுத்தால் மனிதர் மாள்வரே என்பது. இது வலுவுடைய விடை. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்துகளைப் பல்லாண்டுகளாக நல்லெண்ணத்துடன் கொடுத்து வந்தனர். பல நாடுகளில் 10,008 நோயாளிகளிடம் முறைப்படி ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டபோது, அம்மருந்து பெற்றவர்களுள் இரு வாரங்களில் இறந்தோர் நூற்றுக்கு 21.1, பெறாதவருள் 17.9. சோதிக்காத அன்பும் கொல்லும் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அவ்வுண்மையை உரைத்தது எலியன்று; மனிதரிடம் செய்த ஆய்வு. பக்கவாதத்துக்கென ஆராயப்பட்ட 1,026 சிகிச்சைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006இல் தொகுத்தனர். அவற்றுள் மனிதரிடம் சோதனைக்கு வந்தவை 114. எலியின் மூளையைக் காத்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதரிடம் தோற்றன. நம் சேலத்து வெள்ளைக் குன்றுகளில் வெட்டியெடுக்கும் மேக்னசைட்டில் உள்ள மெக்னீசியமே குளூட்டமேட் மதகு ஒன்றின் இயற்கையான அடைப்பு என்று 1984இல் கண்டு, பெருநம்பிக்கை கொண்டனர். என் தங்கைக்கு வந்த அதே நோயுற்ற 1,204 பேரிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மெக்னீசியத்தால் பயனில்லை என்பதே முடிவு. நிமோடிபினை நிலைநாட்டியதும் 1989இல் பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் செய்த ஆய்வு. மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றி மடிவது நூற்றுக்கு 33 பேரிலிருந்து 22 பேராகக் குறைந்தது.

எலிச் சோதனைகள் பல ஏன் பொய்த்தன? காரணங்களுள் ஒன்று என் நெஞ்சைச் சுட்டது. எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறுநீர் என்பதைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்காமலும், மருந்து பெற்றது எது என்று அறிந்தவரே அளந்தும், மிகச் சில எலிகளைக் கொண்டே முடிவு கட்டியும் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதாவது அவ்வுயிர்கள் அறிவுக்காகக் கூட மாளவில்லை; கவனக்குறைவுக்காக மாண்டன. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதம் என்னும் சோர்வையே அடிப்படையாக வைத்துள்ளது. தமிழில் அதனைப் பொச்சாப்பு என்பர். பொச்சாப்புடன் செய்த சோதனைக்கு மருத்துவத்தின் பெயரால் எவ்வித மன்னிப்பும் இல்லை என்பது என் துணிபு.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டினது. ஆய்வுக்கூட விலங்குகளுக்கான விதிகள் 1998இல் வந்தன. புதிய மருந்துகளுக்கான விதிகளை 2023இல் திருத்தி, மனித அணுக்களை வளர்த்துச் செய்யும் சோதனை போன்ற மாற்று வழிகளுக்கும் இடமளித்துள்ளனர். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. இறந்தோரின் மூளையை உறவினர் இசைவுடன் பெற்று ஆராய்கின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 நுண்வெட்டுகளாகப் படமாக்கி 2024இல் உலகுக்கு அளித்தது.

இவ்விடத்தில் நம் கடமை புலப்படுகிறது. எலியை விட்டுவிடுங்கள் என்று வாயால் மட்டும் கூறுவது எளிது. எலிக்கு மாற்றாக நாம் எதைக் கொடுக்கிறோம்? இறந்தபின் எரிக்கவிருக்கும் உடலைக் கொடுக்கலாம். நோயுற்றால், விளக்கிக் கேட்கும் முறையான ஆய்வுக்கு அறிந்தே இசையலாம். எல்லாவற்றினும் முந்தியது, காயமே நேராமல் காத்தல். தங்கையின் அடுத்த கட்டிலில் இருபத்திரண்டு வயது இளைஞன் நினைவிழந்து கிடந்தான். இராசிபுரம் சாலையில் வண்டியிலிருந்து விழுந்தவன். தலைக்கவசம் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்ததாம். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2015 சூலை முதல் கட்டாயமான அக்கவசம், எந்த உயிரையும் வதைக்காத நரம்பணுக் காப்பு. அதனை அணியாமல் புறப்படும் நம் வீட்டுப் பிள்ளையிடம் உள்ளதும் அதே பொச்சாப்புதான்.

இனி என் பொய்க்கு வருகிறேன். தங்கை தேறி வீடு திரும்பிய பின், ஒரு நண்பகலில் உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். "பொழுது போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நீ மறுத்திருப்பாய்" என்றேன். "மறுத்திருப்பேனோ, ஏற்றிருப்பேனோ, அக்கா. நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்றாள்.

அதற்கு என்னிடம் விடையில்லை. நோயாளிக்கு மருந்தின் பொருட்டு விரதத்தில் விலக்கு உண்டா என்பதை நான் ஆராய்ந்தேனேயன்றி, அதை முடிவு செய்யும் உரிமை அவளுடையது என்பதை மறந்தேன். கேட்டு இசைவு பெறுதல், கேட்காமல் எடுத்துக்கொள்ளுதல் என்பதே மனித ஆய்வுக்கும் எலி ஆய்வுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு. எலியைக் கேட்க வழியில்லை. ஆதலால்தான் அதன்மேல் கை வைக்குமுன் ஆயிரம் முறை எண்ண வேண்டும். என் தங்கையைக் கேட்க வழியிருந்தும் நான் கேட்கவில்லை.

அவள் உண்ணாநோன்பு ஒன்று இருந்தாள், நானும் உடனிருந்தேன். அதன்பின், இறந்தபின் எங்கள் உடல்களை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கும் படிவங்களைப் பிள்ளைகளின் கையில் வைத்து, அவர்கள் இசைவைக் கேட்டோம். ஒருவன் இசைந்தான், ஒருவன் இன்னும் யோசிக்கிறான். யோசிக்கட்டும். வாசக அன்பர்களும் தத்தம் இல்லத்தில் இதனைப் பேசி, தம் கருத்தை அடுத்த இதழுக்கு எழுத வேண்டுகிறேன். அறம் வளர்க!