பிறந்த ஊரில் இரண்டு ரக்அத்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னும் ஒருவர் மட்டும் தூணருகே உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். சென்னையைச் சேர்ந்த ஒரு தோல் வியாபார நிறுவனத்தின் கணக்குகளைப் பார்ப்பவர்.

"ஹலரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். "என்னைக் கான்பூருக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி மக்களோடு போகிறேன். இனி எங்கள் குடியிருப்பு அங்கேதான். கல்யாணம் காட்சி என்று இரண்டு மூன்று நாட்களுக்கு ஊருக்கு வருவேன். அப்போது லுஹரை நான்காகத் தொழுவதா, இரண்டாகத் தொழுவதா?"

"நிரந்தரமாக அங்கே குடியேறிவிட்டால், இங்கே வரும்போது நீங்கள் முஸாபிர், தம்பி. கஸ்ராக இரண்டு தொழலாம்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "என் வாப்பா இந்தப் பள்ளியின் மையவாடியில்தான் அடக்கமாகி இருக்கிறார்கள். இந்த ஊரிலே நான் முஸாபிரா?" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அருமைச் சகோதரர்களே! அவர் கேட்டது தொழுகையைப் பற்றிய மஸ்அலா. ஆனால் அவருடைய கல்பு கேட்டது வேறு. 'ஐம்பது வயதில் வேரோடு பிடுங்கி நட்டால் மரம் பிழைக்குமா? இனி எது என் ஊர்?' இந்தக் கேள்வி இன்று நம்முடைய எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பதில் இருக்கிறது.

ஐம்பத்து மூன்று வயதில்

அண்ணலாருக்கு நபித்துவம் கிடைத்தபோது வயது 40. அதன்பின் மக்காவில் 13 ஆண்டுகள் இருந்தார்கள். அப்படியானால் கி.பி. 622-ல் ஹிஜ்ரத் புறப்பட்டபோது அவர்களுக்கு வயது 53. இளவயதில் பிழைப்புத் தேடி ஊர் விட்டவர்கள் அல்லர். பேரப் பிள்ளைகளோடு சொந்த ஊரில் இருக்க வேண்டிய வயதில் புறப்பட்டார்கள்.

மனம் நோகாமலா புறப்பட்டார்கள்? மக்காவைப் பார்த்து அவர்கள் சொன்னதை இமாம் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் பூமியிலேயே சிறந்த இடம் நீதான் என்றும், உன்னிலிருந்து வெளியேற்றப்படாமல் இருந்தால் நான் வெளியேறியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்கள். ஊர்ப் பாசம் ஈமானுக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இந்த ஹதீஸைச் சொல்லுங்கள்.

மதீனா வந்த பிறகும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. புதிய ஊரின் காற்றும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். பிலால் அவர்கள் மக்காவின் ஓடைகளையும் புற்களையும் நினைத்து ஏங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. துஆ செய்தார்கள். மக்காவை நேசிப்பது போல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசமாக்குவாயாக. இந்த ஊரை ஆரோக்கியமாக்குவாயாக. இதன் மரக்காலிலும் படியிலும் பரக்கத் செய்வாயாக என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! பழைய ஊரை மறக்கச் செய் என்று கேட்கவில்லை. புதிய ஊரின் மீது அன்பைத் தா என்று கேட்டார்கள். அன்பும் கேட்டுப் பெற வேண்டிய ரிஸ்க்தான். குடிபெயரும் ஒவ்வொருவரும் முதலில் ஓத வேண்டிய துஆ இதுவே.

வெற்றி பெற்று வந்தவர் முஸாபிராகத் தொழுதார்

எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஹிஜ்ரி 8, ரமளான் மாதம், கி.பி. 630. பெருமானார் அவர்கள் மக்காவை வெற்றி கொண்டு நுழைகிறார்கள். பிறந்த மண். கஅபா அங்கே. உறவினர் அங்கே. இனித் தடுப்பார் எவருமில்லை.

ஆனால் அங்கே அவர்கள் எப்படித் தொழுதார்கள்? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் உள்ளபடி, 19 நாட்கள் தங்கியும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகவே தொழுதார்கள். ஹிஜ்ரி 10-ல் இறுதி ஹஜ்ஜுக்கு வந்தபோதும் இரண்டு ரக்அத்தான்.

அப்போது, எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டதற்கு, அகீல் நமக்கு வீடு ஏதும் விட்டு வைத்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டார்கள். குடும்பத்து வீடுகள் எப்போதோ கைமாறிப் போயிருந்தன. பிறந்த ஊரில் தங்க வீடில்லை. தொழுகையோ முஸாபிரின் தொழுகை! நம் சகோதரரின் கண்ணீருக்கு இதைவிட ஆறுதல் உண்டா?

மதீனத்து அன்சாரிகளுக்கு ஓர் அச்சம் ஏற்பட்டது. சொந்த ஊரையும் சொந்தங்களையும் கண்டுவிட்டார்கள். இனி நம்மிடம் திரும்பி வருவார்களா என்று பேசிக்கொண்டார்கள். அண்ணலார் அவர்களை அழைத்து, என் வாழ்வு உங்களோடுதான், என் மரணமும் உங்களோடுதான் என்ற பொருளில் பதிலளித்தார்கள். அன்சாரிகள் அழுதுவிட்டார்கள். சொன்னபடியே திரும்பினார்கள். இன்றும் அவர்கள் துயில்வது மதீனாவில்தான்.

சகோதரர்களே! குடிபெயர்வதன் முழுப் பாடமும் இதில் இருக்கிறது. பழைய ஊரை நேசிக்கலாம். ஆனால் போன ஊரில் பாதி மனதோடு வாழக் கூடாது. உடம்பு கான்பூரிலும் கல்பு கடற்கரையிலும் இருந்தால், இரண்டு ஊருக்கும் உரிய ஹக்கு நிறைவேறாது.

மஸ்அலாவைத் தெளிவாக அறிவோம்

கஸ்ர் பற்றிய ஆயத்து திருக்குர்ஆனில் 4:101. அதற்கு முந்திய 4:100, அல்லாஹ்வின் பாதையில் ஹிஜ்ரத் செய்பவர் பூமியில் புகலிடங்களையும் விசாலத்தையும் காண்பார் என்று கூறுகிறது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள்.

ஷாபிஈ மத்ஹபின்படி, போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் செய்தால் முழுத் தொழுகை. அதற்குக் குறைந்தால் கஸ்ர் செய்யலாம். முஹாஜிர்கள் ஹஜ்ஜை முடித்த பின் மக்காவில் மூன்று நாட்கள் தங்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆகவே மூன்று நாள் தங்குவது குடியிருப்பு ஆகாது என்பது இமாம்களின் ஆதாரம். ஹனபி மத்ஹபில் இந்த வரம்பு பதினைந்து நாட்கள். அவர்களிடம் கஸ்ர் செய்வது வாஜிப்.

சொந்த பந்தங்கள் இருப்பதால் மட்டும் பழைய ஊர் வசிப்பிடமாகத் தொடராது. முஹாஜிர்களுக்கு மக்காவில் உறவினர் இருந்தும் கஸ்ர் தொழுதார்கள் அல்லவா? ஆனால் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு ஒருவர் மட்டும் வேலைக்குப் போயிருந்தால் அவருடைய ஊர் பழைய ஊர்தான். இரண்டு இடத்திலும் குடும்பம் நடத்துபவர் தம் நிலையை ஆலிமிடம் விவரமாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முஸாபிரும் நான்குதான் தொழ வேண்டும். முஸாபிர் இமாமாக நின்றால் அவர் இரண்டில் ஸலாம் கொடுக்க, ஊர்க்காரர்கள் எழுந்து நான்காகப் பூர்த்தி செய்வார்கள். மக்காவிலேயே பிறந்த உமர் (ரலி) அவர்கள், தம் கிலாபத்தில் மக்காவுக்கு வந்தபோது இப்படித்தான் தொழுவித்தார்கள்.

புறப்படுமுன்

ஹிஜ்ரத் இரவில் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த ஏற்பாடு என்ன? அலீ (ரலி) அவர்களைப் பின்னால் நிறுத்தி, மக்கத்து மக்களின் அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கச் செய்தார்கள். ஊரை விட்டு விரட்டிய மக்களின் பொருள்கள் அவை! அப்படியிருக்க நாம் மளிகைக் கடை பாக்கியையும் மஹல்லா சந்தாவையும் வைத்துவிட்டு ரயிலேறலாமா? கடனைத் தீருங்கள். பங்காளியிடம் மனத்தாங்கல் இருந்தால் வீடு தேடிப் போய் ஸலாம் சொல்லுங்கள்.

பெற்றோர் விஷயம் இன்னும் பெரிது. பெற்றோரை அழவைத்துவிட்டு ஹிஜ்ரத்துக்கு பைஅத் செய்ய வந்த ஒருவரை, திரும்பிப் போய் அவர்களை அழவைத்தது போலவே சிரிக்க வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸ் இது. ஹிஜ்ரத்துக்கே அப்படியென்றால், சம்பள உயர்வுக்கு?

நம் சகோதரருக்கும் எண்பது வயது உம்மா உண்டு. "கடல் காற்று இல்லாத ஊருக்கு நான் வர மாட்டேன்" என்று மறுத்துவிட்டார்கள். அவர் உத்தரவைத் தள்ளிப்போடக் கேட்டு, இரண்டு மாதம் பொறுத்து, தங்கை வீட்டில் உம்மாவுக்கு எல்லா ஏற்பாடும் செய்தார். "போய் வா வாப்பா" என்று உம்மா வாய் நிறையச் சொன்ன பிறகே டிக்கெட் எடுத்தார். மாதா மாதம் பணம் அனுப்புவதோடு தினமும் போன் செய்ய வேண்டும், காது கேட்காவிட்டாலும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லியனுப்பினேன்.

போய்ச் சேர்ந்த பின்

மதீனா வந்ததும் அண்ணலார் முதலில் கவனித்த காரியம் பள்ளிவாசல். அதற்கான நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. இலவசமாகத் தர முன்வந்தும் ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். புதிய ஊரில் வாழ்க்கையின் அஸ்திவாரம் இப்படி இருக்க வேண்டும். பள்ளிவாசல் முதலில், பிறர் உரிமையைத் தொடாத கை அடுத்து.

அந்த நாட்களில் அவர்கள் மக்களுக்குச் சொன்ன உபதேசத்தை அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: ஸலாமைப் பரப்புதல், உணவளித்தல், மக்கள் உறங்கும் இரவில் தொழுதல். பாஷை தெரியாத ஊரில் முதல் இரண்டுக்கும் பாஷை வேண்டியதில்லை! நோன்புக் கஞ்சி காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். அது உருது தெரியாமலே பேசிவிடும்.

ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்கள் அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்கும் நாற்பதைக் கடந்த வயதுதான். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வியாபாரத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். உள்ளூரார் உதவ வேண்டும்; வந்தவர் சுமையாகிவிடக் கூடாது. இரண்டு பண்பும் அந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன.

கான்பூர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் ஹனபி ஜமாஅத். சுபுஹில் குனூத் இராது. ஆமீன் மெதுவாகச் சொல்வார்கள். அஸர் பாங்கு நம் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கேட்கும். இதைச் சாக்காக்கி வீட்டில் தனியே தொழுதுவிடாதீர்கள். அவர்கள் அஸர் தொழும்போது நம் கணக்கிலும் வக்து வந்துதானிருக்கும். நான்கு இமாம்களின் வழியும் சத்திய வழியே. உங்கள் மத்ஹபை நீங்கள் பேணுங்கள். அவர்கள் பள்ளியில் தர்க்கத்தைத் தொடங்காதீர்கள்.

பிறை விஷயத்திலும் இருக்கும் ஊரோடு இருங்கள். குரைப் அவர்கள் ஷாம் நாட்டில் வெள்ளி இரவு பிறை கண்டுவிட்டு மதீனா திரும்பியபோது, மதீனாவில் சனி இரவே பிறை கண்டிருந்தார்கள். நாங்கள் கண்டபடியே செய்வோம் என்றார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். 'ஊரில் இன்று பெருநாளாம்' என்ற போன் செய்தியைக் கேட்டு வீட்டை இரண்டாக்காதீர்கள்.

ஸகாத்தும் அப்படியே. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் எடுத்து அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுக்கும்படிதான் கட்டளை. சம்பாதிப்பது ஒரு தெருவில். அந்தத் தெரு ஏழைக்கு ஒன்றுமில்லை என்றால் அது நியாயமா? ஊரிலுள்ள ஏழை உறவினருக்கு ஸதகாவாகத் தாராளமாக அனுப்புங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

ஆணுக்கு அலுவலகம் உண்டு, பள்ளி உண்டு. பிள்ளைகளுக்கு மதரஸா உண்டு. நான்கு சுவருக்குள் தனித்துப் போவது வீட்டிலுள்ள பெண்தான். பிலால் (ரலி) அவர்களின் ஏக்கம் அவளுக்கும் வரும். கணவன்மார்களே! 'எப்போது பார்த்தாலும் ஊர் நினைப்புதானா' என்று கடிந்துகொள்ளாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, துஆ செய்தார்கள். நீங்களும் துஆ செய்யுங்கள். மாலையில் நேரத்தோடு வீடு திரும்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழைப்புக்காகப் போவது ஸஹாபாக்களின் ஹிஜ்ரத்துக்குச் சமமாகாது. மக்கா வெற்றிக்குப் பின் அந்த ஹிஜ்ரத் இல்லை. ஆனால் நிய்யத் உண்டு. ஹலாலான சம்பாத்தியம், பிள்ளைகளின் தீன், கைநீட்டாத வாழ்வு என்று நிய்யத் வைத்தால் அந்த ரயில் பயணமும் இபாதத்தாகிவிடும்.

அந்தச் சகோதரர் ஓராண்டு கழித்துத் தங்கை மகன் நிக்காஹுக்கு வந்தார். மூன்று நாள் தங்கல். அன்றிரவு கல்யாண வீட்டிலேயே இஷா ஜமாஅத். எல்லோரும் அவரை முன்னால் நிறுத்தினார்கள். இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பி, "நான் முஸாபிர், நீங்கள் பூர்த்தி செய்துகொள்ளுங்கள்" என்றார். குரல் சற்றுத் தழுதழுத்தது. பின்னால் அவர் சிறுவயதுத் தோழர்களெல்லாம் எழுந்து நின்றார்கள்.

துஆ முடிந்ததும் என்னிடம் வந்து, "இப்போது கஷ்டமாக இல்லை ஹலரத். அங்கே நான்கு தொழ ஓர் ஊர் இருக்கிறதே" என்றார்.

யா அல்லாஹ்! எங்களை எங்கே குடியமர்த்தினாலும் அந்த ஊரை எங்களுக்கு நேசமாக்குவாயாக! விட்டுவந்த ஊரின் ஹக்குகளையும் நிறைவேற்ற வைப்பாயாக! எல்லா ஊர்களிலும் முஸாபிர்களாகிய எங்களை நிரந்தர வீடாகிய சுவனத்தில் ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.