தலைச்சுற்றும் தன்வேதனைக் காட்சியும்

சைவ வித்தியாசாலை ஆசிரியர்களே! பிறருக்குற்ற துன்பத்தை நாம் எவ்வாறு அறிகின்றோம்? காலொடிந்த மாணாக்கனுக்கு ஆசனம் கொடுக்கின்றோம். காய்ச்சலுற்றவனை வீட்டுக்கு அனுப்புகின்றோம். ஒடிவு கண்ணுக்கும், சூடு கைக்கும் புலனாகின்றன. புலனாகாத துன்பமுடையான் ஒருவன் நம்முன் வந்து நின்றால் நாம் செய்யக்கடவது யாது? இதனை ஈண்டு ஆராய்வாம்.

மரத்தினின்று வீழ்ந்தோ, வீதி விபத்திலோ, பந்து தாக்கியோ மூளை அதிர்ச்சியுற்றோருட் பெரும்பாலார் சில கிழமைகளிற் குணமடைவர். சிலர்க்கோ தலைச்சுற்றும் தள்ளாட்டமும் பல மாதங்களும், ஒரோவழிப் பல வருடங்களும் நீடிக்கும். இவர்தம் உடம்பில் வடுவில்லை. மூளையைக் கதிர்ப்படம் எடுத்தாலும் பெரும்பாலும் குற்றம் காணப்படுவதில்லை. ஆயினும், கரும்பலகையை நோக்கிப் பின் கொப்பியை நோக்கும் அவ்வளவிலே எழுத்து அசையும். படியிறங்குகையில் நிலம் சரிவதுபோலும். சனநெருக்கத்தில் நிற்றல் அரிதாம். காண்போரோ சோம்பன் என்பர், நடிக்கின்றான் என்பர்.

இந்நோய் பொய்யன்று. உடம்பு நிலைபெற்று நிற்றற்குக் கண்ணும், உட்செவியும், தசை மூட்டுக்களின் உணர்ச்சியும் மூளைக்குச் செய்தி தருகின்றன. உட்செவி ஒவ்வொன்றிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள. இவ்வுறுப்பின் தொழிலை ஆராய்ந்த றோபேட் பாரணி என்னும் வைத்தியருக்கு 1914 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தலை தாக்குண்ணும்போது உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம்பெயர்ந்து அக்குழாய்களுட் புகுதலுண்டு. புகுந்தால், படுக்கையிற் புரளினும் உலகம் சுழல்வதாகத் தோன்றும். வேறு சிலர்க்கு அம்மூவகைச் செய்திகளையும் ஒருங்கிசைக்கும் மூளையின் தொழிலே பிறழ்ந்து நிற்கும்.

இனி நமது சாத்திரத்தை நோக்குவாம். சிவஞானசித்தியார் காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுக்கின்றது. இன்ப துன்பங்களை ஆன்மா தானே அநுபவித்து அறிவது தன்வேதனைக்காட்சி. தலைச்சுற்று அதனை உற்றவனுக்கு இக்காட்சியாற் பெறப்படுவது. அவனுக்கு அதில் ஐயமில்லை. நமக்கோ அது கருதலாலும் உரையாலுமே பெறப்படும். தேர்ந்த வைத்தியர் நோயாளியை விரைவிற் படுக்கவைத்து, அவன் கண்மணி தானே துடிப்பதைக் கண்டு, துகள் இடம்பெயர்ந்தமையைத் துணிவர். இது புகை கண்டு தீயுண்மை துணிதலை ஒக்கும்.

அற்றேல், அடையாளம் ஒன்றும் காணாதவிடத்து நோயில்லை எனலாமோ எனின், ஆகாது. பழுக்கக் காய்ந்த இரும்பிலே தீயுண்டு, புகையில்லை. புகையின்மை தீயின்மைக்கு ஏதுவாகாது. கண்ணாற் கண்டதே உள்ளது என்பவன் உலகாயதன். காலையில் ஆன்மாவின் உண்மையைப் போதித்துவிட்டு, மாலையில், "படத்திற் காணாத நோய் உனக்கில்லை" என்று மாணாக்கனைக் கடியும் ஆசிரியர், தம்மையறியாமலே உலகாயதன் பக்கம் நிற்கின்றார்.

பொய்கூறும் பிள்ளைகளும் உளரன்றோ எனின், உளர். உரையளவை தலைமையாக முதல்வன் நூலைக் குறிக்குமாயினும், உலக வழக்கிற் பொய்யாமையுடையார் சொல்லும் ஏற்கப்படும். ஆதலின் பிள்ளையின் முன்னை ஒழுக்கத்தை நோக்குக, பெற்றோரை வினாவுக, வைத்தியர் கருத்தைப் பெறுக. அதன்பின்னும் ஐயம் எஞ்சின், இரு பிழைகளையும் சீர்தூக்குக. பொய்யனை நம்பினால் ஒரு பாடவேளை வீணாகும். மெய்யனை நம்பாதொழியின், நோயுற்றவன் நாணமும் உறுவான். மெய் கூறியமைக்குத் தண்டனை பெற்றோம் என்னும் பாடத்தையும் நம்மிடமே கற்பான்.

இன்னும் ஒரு சாரார், "இது பிராரத்தம், நுகர்ந்தே தீரும், நாம் செய்யத்தக்கது யாது?" என்பர். பசியும் பிராரத்தமே, அதுபற்றி அன்னதானத்தை யாரும் ஒழித்திலர். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உதவுவது. பிறர் துன்பத்தைப் புறக்கணித்தற்கு உரிமை தருவதன்று. அவன் துன்பம் அவனது பிராரத்தமாயின், நமது கடுஞ்சொல் நமக்கு ஆகாமியமாம்.

நோயுற்றோர்க்கும் கடமையுண்டு. 1940களில் இங்கிலாந்திலே கோதோண், குக்சி என்னும் வைத்தியர் இருவர், தலையிற் காயமுற்றோர்க்குக் கண்ணையும் தலையையும் படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை வகுத்தனர். இவ்வகைப் பயிற்சி இன்றும் கையாளப்படுகின்றது. பயிலும்போது கிறுதி சிறிது மிகும். அதனைப் பொறுத்து அளவறிந்து நாடோறும் பயின்றால் மூளை பழகிக்கொள்ளும். அஞ்சி அசையாது கிடப்பின் நோய் நீடிக்கும். துகள் பெயர்ந்தோர்க்குத் தலையை முறைப்படி திருப்பி அதனைப் பழைய இடத்திற் சேர்க்கும் சிகிச்சை வேறு உண்டு. எது தக்கது என்பதை வைத்தியரே துணிதல் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கன எளியன. பாடக்குறிப்பை எழுதியே கொடுத்து, பலகையைப் பார்த்தெழுதும் வருத்தத்தைக் குறைக்க. இடையிடையே கண்மூடி இருக்க விடுக. பிரார்த்தனை வேளையில் இருந்தே தேவாரம் ஓத இடங்கொடுக்க. வீழ்ந்து வணங்கவும் வலம்வரவும் இயலாதவனை வற்புறுத்தற்க. அகத்தே செய்யும் பூசையும் பூசையே. வைத்தியர் இசையும்வரை, மீண்டும் தலை தாக்குண்ணத்தக்க விளையாட்டினின்று விலக்குக. அடிபட்ட அண்மையில் தலைவலி மேன்மேலும் மிகுதல், அடுத்தடுத்து வாந்தி, மயக்கம், வலிப்பு என்பன தோன்றின் சிறிதும் தாழாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

உயிர் கண்ணுக்குப் புலனாகாதது. எனினும் உண்டென்று தெளிந்தோம். அவ்வுயிர் படும் துன்பமும் அத்தகையதே. முன்னதை நம்புவோர் பின்னதை மறுத்தல் முறையன்று. அடுத்த முறை ஒரு பிள்ளை, "தலை சுற்றுகின்றது, ஐயா" என்று கூறும்போது, நமது சித்தாந்தம் ஏட்டில் உள்ளதோ நெஞ்சில் உள்ளதோ என்பது அப்பிள்ளைக்கு நாம் கூறும் மறுமொழியால் விளங்கும்.