திரும்பும் வழி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பன் கோபத்தில் எங்கள் குழுவைத் திட்டி எனக்கு ஒரு வரி அனுப்பினான். ஐந்தே நிமிடத்தில் அழித்துவிட்டு ‘ஸாரிடா’ என்றான். அதற்குள் நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டேன். அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. அப்படியென்றால் அது உண்மையா?

இந்தக் கேள்வி வேதியியலிலும் உண்டு. புரதங்களில் சிஸ்டீன் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அதன் கந்தகம் சல்ஃபீனிக் அமிலமாகிறது. இது கொஞ்ச நேர நிலை. குளுதாதயோன் போன்ற மூலக்கூறுகள் துணைக்கு வந்தால் சிஸ்டீன் பழையபடி ஆகிவிடும். ஆக்ஸிஜனேற்றம் தொடர்ந்து சல்ஃபோனிக் அமிலம்வரை போனால்தான் திரும்ப வழியில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தை உயிருள்ள செல்லுக்குள் எப்படிப் பார்ப்பது? டைமெடோன் என்ற சேர்மம் சாதாரண சிஸ்டீனை விட்டுவிட்டு சல்ஃபீனிக் அமிலத்தைத் தேடி ஒட்டும். கேட் கரோலின் ஆய்வுக்குழு அதே வகை மூலக்கூறில் ஒரு ஆல்கைன் வாலைச் சேர்த்து டிஒய்என்-2 என்ற ஆய்வியை உருவாக்கியது. அது செல்லுக்குள் போய் ஒட்டிய பிறகு, ‘க்ளிக்’ வேதியியல் மூலம் வாலில் ஒளிரும் சாயத்தைக் கோர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒட்டினால் ஒட்டியதுதான். மாட்டிய புரதம் இனிப் பழைய நிலைக்குத் திரும்பாது. நாம் பார்த்ததாலேயே அதன் வழி அடைபட்டது.

அப்போ பார்க்கவே கூடாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆக்ஸிஜனேற்றம் என்றாலே துரு, சேதம் என்றுதான் நமக்குப் பழக்கம். 2012இல் வெளியான ஆய்வொன்றில், இதே ஆய்வியின் உதவியோடு, ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியின் 797ஆவது சிஸ்டீன் இப்படி மாறுவதையும், அந்த மாற்றம் ஏற்பியின் செயலைக் கூட்டுவதையும் காட்டினார்கள். சேதம் என்று நினைத்தது செல்லின் பேச்சாகவும் இருக்கலாம். குறி வைக்காமல் இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

ஆனால் அந்தக் குறியை ஆய்வாளர் வாசிக்கும் விதம் வேறு. ‘இந்த நேரத்தில், இந்த இடத்தில், இது நடந்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ‘இந்தப் புரதமே இப்படித்தான்’ என்று எழுத மாட்டார். அவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. செல்லில் ஒரே புரதத்துக்குப் பல பிரதிகள். சில மாட்டினாலும் மற்றவை மாறித் திரும்பிக்கொண்டே இருக்கும்.

மனுஷனுக்குப் பிரதி கிடையாது. எங்கள் குழுவில் அவன் பேச்சு வந்தால் இன்றைக்கும் அந்த ஒரு வரிதான் வருகிறது. படத்தில் இருப்பது அவன் சொன்னதுதான். ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னது அதில் இல்லை. அதை நான் யாருக்கும் காட்டவும் இல்லை.