இருமனமும் நேர்மையும்

ஒரு படைப்பு நன்றா தீதா என வினவுமிடத்து, இரண்டும் என விடையிறுப்பவனைத் துணிவற்றவன் எனக் கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை இரு படைப்புகளைக் கொண்டு ஆராயலாம்.

முதலாவது, ஜூலியா சைல்டின் மறைவுக்குப்பின் 2006இல் வெளிவந்த 'மை லைஃப் இன் பிரான்ஸ்' என்னும் நினைவுநூல். அமெரிக்க அரசின் தகவற்பணியிலிருந்த கணவருடன் 1948இல் பிரான்சு சென்ற இவர், ரூவான் நகரில் உண்ட வெண்ணெயிற் பொரித்த மீனையே தம் வாழ்வின் திருப்பமாகக் கண்டார். முப்பத்தேழு வயதில் அயலார் அடுப்படியில் மாணவியாக அமர்ந்த அவரது பணிவு போற்றற்குரியது. ஆயினும், போரால் நலிந்திருந்த அந்நாட்டில் அவருக்குக் கிட்டிய வாழ்வுக்கு டொலர் வருவாயும் துணைநின்றது. அதே ஆண்டுகளில் பிரான்சு இந்தோசீனாவிற் குடியேற்றப் போர் நடத்திக்கொண்டிருந்தது. நூலின் பார்வையோ பெரும்பாலும் சந்தையையும் சமையலறையையும் விட்டு அகல்வதில்லை.

இரண்டாவது, 2014 முதல் 2017 வரை ஒளிபரப்பான 'பிளாக் செயில்ஸ்' என்னும் தொலைக்காட்சி நாடகம். ஸ்ரீவன்சனின் 'புதையற்றீவு' நாவலுக்கு முன்கதையாக அமைந்த இது, 1715இல் பகாமாத் தீவுகளின் நசோவில் தொடங்குகின்றது. கப்பல் தலைவனைக் கடற்கொள்ளையர் வாக்களித்துத் தெரிந்தமையும் கொள்ளைப்பொருளைப் பங்கிட்டமையும் வரலாற்று உண்மைகளே. வணிகக் கப்பல்களிற் சாட்டையடிபட்ட மாலுமிக்கு அது ஒரு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், தப்பியோடிய அடிமைகளின் தோழராக நாடகம் காட்டும் அதே கொள்ளையர், வரலாற்றில், பிடிபட்ட அடிமைகளைப் பண்டமாக விற்றுமிருக்கின்றனர்.

ஆக, இரண்டும் விடுதலையின் கதைகள். இரண்டிலும் அவ்விடுதலையின் எல்லைக்கு வெளியே நின்றோர் மங்கலாகவே தெரிகின்றனர்.

நிறையையும் குறையையும் எடைபோட்டு ஒரே தீர்ப்புக் கூறலாகாதா என வினவலாம். இவை ஒரே நாணயத்தால் அளக்கப்படுவனவல்ல. சைல்டின் பணிவு இந்தோசீனத்துத் துயரைக் குறைப்பதில்லை. அத்துயரும் அவரது பணிவைப் பொய்யாக்குவதில்லை. ஒன்றால் மற்றொன்றைக் கழித்துப் பெறும் தீர்ப்பு, இரண்டு உண்மைகளுள் ஒன்றை மறைத்தே பெறப்படுகின்றது.

எனினும் எல்லா இருமனமும் நேர்மையன்று. எப்பகுதியை எக்காரணத்தால் விரும்புகின்றோம், எதனை எக்காரணத்தால் மறுக்கின்றோம் எனப் பிரித்துரைக்க இயலாதவிடத்து அது வெறும் நழுவலே. காரணங் காட்டும் இருமனமோ ஒரு தீர்ப்பாகும். சுவைத்ததை மறைத்துக் கண்டிப்பதும், கண்ட குறையை விழுங்கிப் புகழ்வதும் திறனாய்வாகா.