நேர்ந்த பொருளும் ஏலத் தரகும்

பழம்பொருளை ஒப்படைப்பு முறையில் விற்பது என்பது, உரிமையாளர் அதைத் தாமே விற்காமல் ஏல நிறுவனத்தின் கையிற் கொடுத்துவைக்க, நிறுவனம் அதைப் படமெடுத்து, விபரம் எழுதி, ஏலத்துக்கு விட்டு, வந்த பணத்தில் தன் தரகைக் கழித்துக்கொண்டு மிகுதியை அவருக்கு அனுப்புவதாகும். விலைபோகும்வரை உரிமை கொடுத்தவரிடமே இருக்கும். யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் பொறித்த காசு இவ்வாறு விற்கப்படுமானால், தொல்பொருட் சட்டம் தடுக்கலாமே தவிரச் சமயத்துக்கு அதில் வழக்கில்லை, ஏனெனில் காசு கைமாறுவதற்கென்றே அடிக்கப்பட்டது. தெய்வத்துக்கோ, புத்தரின் எலும்பு போன்ற புனித எச்சமாகிய தாதுவுக்கோ ஒருவர் கொடுத்துவிட்ட பொருள் ஏலப் பட்டியலில் இலக்கம் பெறும்போதுதான், அதை விற்கக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

1898இல் வட இந்தியாவின் பிப்ரவா தூபியை அகழ்ந்த வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே, புத்தருடைய தாது எனப் பிராமி எழுத்திற் பொறித்த பேழையோடு எலும்புத் துண்டுகளையும், துளையிட்ட முத்துகள், பளிங்கு மணிகள், மெல்லிய பொற்றகடுகள் முதலான காணிக்கைகளையும் கண்டெடுத்தார். எலும்புகள் சீயம் மன்னருக்கு அளிக்கப்பட்டு, அவரால் இலங்கைக்கும் பர்மாவுக்கும் பகிரப்பட்டன. மணிகளிற் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போக, ஒரு பங்கு பெப்பே குடும்பத்திடம் தங்கியது. அப்பங்கைத்தான் சோத்பீஸ் நிறுவனம் 2025 மே 7இல் ஹொங்கொங்கில் ஏலம்விட இருந்தது. இந்திய அரசின் எதிர்ப்பால் ஏலம் தள்ளிவைக்கப்பட்டது.

மணிகள் காணிக்கையே, தாது அல்ல என்று வாதிடலாம். ஆனால் சைவ, பௌத்த மரபுகள் இரண்டிலும் தானம் என்பது கொடுப்பவர் தம் உரிமையை முற்றாக விட்டுவிடுவதாகும்; விட்ட உரிமை பின்னர் தோண்டி எடுத்தவரிடம் போய்ச் சேர்வதற்கு வழியில்லை. கோயிற் பொருள் விற்கப்படவே கூடாது என்று மரபு சொல்லவில்லை என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும், ஏனெனில் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தின் விற்பனையும் கொள்வனவும் ஆதிசண்டேசுவரர் பெயரால் நடக்கின்றன. சிவனுடைய சொத்துக்குக் காவலராகிய அவர் சந்நிதியில், எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்ட அடியார்கள் தம் கைகளை மெல்லத் துடைத்துக்கொள்வதும் அக்கருத்தின் தொடர்ச்சியே. ஆகவே குற்றம் விலையில் இல்லை. பொருளைக் கையில் வைத்திருப்பவர் உரியவரின் இடத்தில் நின்று விற்பதிலேயே இருக்கிறது.

வைத்திருத்தலுக்கும் உடைமைக்கும் உள்ள இவ்வேறுபாடு இலங்கையின் வடக்கிலுள்ள முள்ளியவளையில் ஆண்டுதோறும் கண்ணெதிரே நடக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலிலிருந்து எடுக்கப்படும் தீர்த்தம் முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் வைக்கப்பட்டு, அந்த உப்புநீரில் விளக்கேற்றப்பட்டு, பின் வற்றாப்பளைக்குப் போகிறது. யாருக்கும் உரிமையில்லாத கடல்நீர் குடத்தில் ஏறியதும் அம்மனுக்கு உரியதாகிறது. அதைச் சுமப்பவரை எவரும் அதன் சொந்தக்காரர் என்று எண்ணுவதில்லை.

ஒப்படைப்பு முறையின் சிக்கல் பொறுப்பைப் பிரித்துவிடுவதில் உள்ளது. குடும்பம் கொடுத்துவைத்ததோடு நிற்கிறது, நிறுவனம் தரகர்தான் என்கிறது, வாங்குபவர் நல்லெண்ணத்தோடு வாங்கியதாகச் சொல்கிறார். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் வினையாகக் கொள்ளும் சமணக் கோட்பாட்டின்படி மூவரும் ஒரே செயலுக்குள் இருக்கிறார்கள். தமிழகத்துப் பத்தூர்க் கோயிலின் நடராசர் சிலை பற்றிய வழக்கில் அதை வாங்கிய கனேடிய நிறுவனமும் நல்லெண்ணத்தையே முன்வைத்தது. ஆயினும் கோயில் தானே வழக்காடவல்ல ஆள் என்பதை 1991இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. சண்டேசுவரர் பெயரால் ஆவணம் எழுதியவர்களுக்கு இத்தீர்ப்பு வியப்பளித்திராது.

பிப்ரவா மணிகளுக்காக அவ்வாறு எந்த ஆளும் நீதிமன்றம் ஏறவில்லை. 2025 யூலையில் அவை இந்தியா திரும்பின என்று கொண்டாடப்பட்டது. ஆனால் இந்தியத் தொழில் நிறுவனமான கோத்ரெஜ் குழுமம் அவற்றை வாங்கியதாலேயே அது நடந்தது. பணம் கொடுத்து மீட்டதை நடைமுறைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். எனினும் விற்கும் உரிமை பெப்பே குடும்பத்துக்கு இருந்தது என்பதை அக்கொள்வனவு சொல்லாமலே ஒப்புக்கொண்டுவிட்டது, அடுத்த தூபியின் மணிகளை ஏலத்துக்குக் கொடுக்க நினைப்பவரும் அதையே முன்னுதாரணமாகக் காட்டுவார்.